கிராம் கணக்கு

கோடியக்கரை என்றால் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்கள்? பூங்குழலி என்றால் நீங்கள் கல்கியைப் படித்தவர். ஐஸ்வர்யா லெட்சுமி என்றால் 2022-ல் தியேட்டரில் பார்த்தவர். 'இரண்டு பேரும் இல்லை, பூநாரை' என்று சொன்னால், கழுத்தில் பைனாகுலர் மாட்டிக்கொண்டு விடியற்காலையில் சேற்றில் நடக்கிற ரகம். எனக்கு நினைவுக்கு வருவது ஒரு பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர்.

காரணம், என் அத்தை மகன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதும், 'வீடு' என்பதற்கு கோடியக்கரை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான். (அங்கே சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் மொட்டை மாடியின் வடகிழக்கு மூலை. ஆபீஸ் மீட்டிங்கில் எப்போதும் பின்னணியில் காக்கா கத்தும்.) மீதி நேரத்தில் அவன் செய்தது கார்பன் ஃபைபரில் ஒரு ரேடியோ கன்ட்ரோல் விமானம். சும்மா நேராகப் பறக்கிற சாது விமானம் இல்லை. குட்டிக்கரணம் அடிக்கிற சாகச விமானம்.

நாம் பார்த்த விமானங்களுக்கு ஓர் ஒழுக்கம் உண்டு. ஓடும், ஏறும், நேராகப் போகும், இறங்கும். சாகச விமானம் மல்லாந்து பறக்கும். ஓர் இறக்கை தரையையும் மற்றது வானத்தையும் பார்க்க, ஒருக்களித்துக் கத்தி மாதிரி காற்றை வெட்டிக்கொண்டு போகும். திடீரென்று மூக்கை நிமிர்த்தி, புரொப்பெல்லரைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கும். தொங்குவதென்றால் மோட்டாரின் இழுவை விமானத்தின் எடையைவிட அதிகமாக இருக்க வேண்டும். தொங்கின இடத்திலிருந்து ஜிவ்வென்று மேலே போக வேண்டுமானால் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அதோடு முடியவில்லை. தலைகீழாகப் பாய்ந்து வந்து, தரைக்குப் பக்கத்தில் வெடுக்கென்று நிமிர்த்தினால், அந்த ஒரு நொடியில் இறக்கைக்கு விமானம் பத்து மடங்கு கனமாகத் தெரியும். இரண்டு கிலோ விமானம் இருபது கிலோ! உங்கள் வீட்டு சிலிண்டரில் இருக்கும் கேஸ் 14.2 கிலோ. அதற்கு மேலும் ஓர் ஆறு கிலோவை இறக்கையில் தொங்கவிட்டால் எப்படி இருக்கும்? அந்த இறக்கையோ ஒரு பக்கத்துக்கு இருநூறு கிராம்கூட இருக்கக் கூடாது. இதுதான் பிரச்னை. பிரச்னை முழுக்க எடையில்தான்.

இந்த விளையாட்டுக்கு உலக சாம்பியன்ஷிப்பே இருக்கிறது. அங்கே இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஐந்து கிலோ எடை என்பது வெகுகாலமாக இருந்த வரம்பு. மாப்பிள்ளை வைத்துக்கொண்ட வரம்பு இரண்டு கிலோ. அது அவன் கண்டுபிடித்ததில்லை, சர்க்கார் போட்டது. 2021-ல் வந்த ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் இரண்டு கிலோ வரை 'மைக்ரோ'. வியாபாரத்துக்கில்லாமல் பறக்கவிட்டால் அதற்கு பைலட் சான்றிதழ் தேவையில்லை. இரண்டு கிலோவைத் தாண்டினால் அடுத்த வகுப்பு, அடுத்த காகிதம். 'மச்சான், ரெண்டாயிரம் கிராம். ஒரு கிராம் கூடக் கூடாது. நீதான் பி.காம். ஆச்சே, கணக்கை நீ வச்சுக்க' என்றான்.

பட்டப்படிப்பு கடைசியில் எதற்காவது உபயோகப்பட்டதே என்று ஒரு பேரேடு போட்டேன். ரூபாய்க்குப் பதில் கிராம். மோட்டார் 270. பாட்டரி 510. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி 85. இறக்கை மடல், வால் மடல்களை அசைக்கும் சர்வோ மோட்டார்கள், ஒன்று 28 வீதம் நாலு, 112. ரிசீவர் 13. புரொப்பெல்லரும் அதன் மூக்கும் 60. கால், சக்கரம் 75. திருகு, கம்பி, ஒயர் வகையறா 65. ஆக மொத்தம் 1,190. விமானம் என்ற வஸ்து இன்னும் ஆரம்பமே ஆகவில்லை, முக்கால்வாசி பணம் காலி ஆகாத குறைதான்! மீதி இருக்கிற 810 கிராமில் ஒன்றரை மீட்டர் இறக்கை, உடம்பு, வால், வர்ணம் எல்லாம் முடிய வேண்டும்.

அந்த 28 கிராம் சர்வோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோடியக்கரைக்குப் பனிக்காலத்தில் கொசு உள்ளான் என்று ஒரு பறவை வருகிறது. ஆர்க்டிக் ஓரத்து சைபீரியாவிலிருந்து வருகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரர்கள் பல வருஷங்களாக இங்கே பறவைகளைப் பிடித்து, எடை போட்டு, காலில் வளையம் மாட்டி விடுகிறார்கள். கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம். எஞ்சின், பெட்ரோல், திசைகாட்டி, பைலட் எல்லாம் சேர்த்து! நம் ஆள் ஒரு வால் மடலை அசைக்க வாங்கிய மோட்டார் அதைவிட மூன்று கிராம் கூட. அன்றைக்கு அந்தக் கணக்கை அவனிடம் சொன்னேன். ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

சரி, கார்பன் ஃபைபர் என்றால் என்ன? ஏதோ ராக்கெட் சமாசாரம் என்று பயப்பட வேண்டாம். ஊட்டியில் நாம் வாங்கி வந்து சென்னையில் போட முடியாமல் பீரோவில் வைக்கிறோமே அக்ரிலிக் ஸ்வெட்டர், அதற்கு நெருங்கிய சொந்தக்கார நூல்தான் இதன் ஆரம்பம். அதைப் பக்குவமாக வாட்டி, பிறகு காற்றுப் படாமல் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேற்றினால் மற்றதெல்லாம் போய்க் கரி மட்டும் நூலாக நிற்கும். ஜப்பானிலும் இங்கிலாந்திலும் 1960-களில் இந்த வித்தையைப் பிடித்தார்கள். ஓர் இழை நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமன். இழுத்தால் அசாத்திய பலம். ஆனால் நூல் நூல்தானே? நிற்காது, தொங்கும். அதனால் துணியாக நெய்து, எபாக்ஸி என்ற பிசினில் தோய்த்து இறுக வைக்கிறார்கள். ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு 7.8 கிராம், அலுமினியம் 2.7, இறுகின கார்பன் ஏறக்குறைய 1.6. நம்ம ஊர் தேஜஸ் போர் விமானத்தின் உடம்பில் எடைக்குப் பாதிக்குச் சற்றுக் குறைவாக இந்தக் கூட்டுப்பொருள்தான்.

இந்த இடத்தில் அப்துல் கலாமைச் சொல்லாமல் போக முடியாது. ராமேஸ்வரத்தில் அவர் சிறுவனாக இருந்தபோது சிவசுப்பிரமணிய ஐயர் என்ற வாத்தியார், பறவை எப்படிப் பறக்கிறது என்று போர்டில் படம் போட்டுக் காட்டிவிட்டு, அதோடு விடாமல் பையன்களைக் கடற்கரைக்கே அழைத்துப் போய்க் காட்டினார். தனக்கு விமானப் பைத்தியம் அங்கேதான் பிடித்தது என்று கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி., பிறகு ராக்கெட். ஏவுகணைக்குச் செய்த லேசான கூட்டுப்பொருளைக் கொண்டு போலியோ பாதித்த குழந்தைகளுக்குக் காலில் மாட்டும் காலிப்பர் செய்தார்கள். மூன்று கிலோ பாரத்தை இழுத்து நடந்த குழந்தைக்கு முந்நூறு கிராம். தன் வாழ்க்கையில் பெரிய சந்தோஷங்களில் ஒன்று என்று இதைத்தான் சொல்வார். மூன்று கிலோவுக்கும் முந்நூறு கிராமுக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று கேட்டால் என் பேரேட்டில் அதற்குக் காலம் கிடையாது.

அதே எம்.ஐ.டி. வளாகத்து மாணவர்களின் 'தக்‌ஷா' குழு 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கியது. அவர்களுக்கு ஆலோசகர் யார் தெரியுமா? நடிகர் அஜித் குமார். ரேடியோ விமானம் விடுவது அவருக்கு ரொம்ப நாள் பொழுதுபோக்கு. மாப்பிள்ளை இந்தத் தகவலை அத்தையிடம் ஒரு நற்சான்றிதழ் மாதிரி நீட்டினான். 'அவருக்கு ரேஸ் காரும் இருக்கு, அத வாங்கிக் குடுன்னு என்னைக் கேக்காத வரைக்கும் சரி' என்றாள் அத்தை.

துணி கூரியரில் வந்தது. சதுர மீட்டருக்கு 80 கிராம். ஊதினால் பறக்கும். கறுப்புப் பட்டு மாதிரி மினுமினுப்பு. விலையைக் கேட்ட அத்தை, 'இந்த விலைக்குக் கும்பகோணத்துல முந்தியோட தருவானே!' என்றாள். பிறகு கத்தரிக்கோலைக் கையில் எடுத்தது என்னவோ அவள்தான். விஷயம் இதுதான். இறக்கை ஒடியாமல் இருக்க, நூல் இறக்கையின் நீளவாக்கில் ஓட வேண்டும். அதற்குத் தனியாக நடுவில் ஒரு கார்பன் பட்டை. ஆனால் இறக்கை முறுகாமல் இருக்க, மேல் தோலில் நூல் குறுக்காக, மூலைவிட்டமாக ஓட வேண்டும். அதாவது துணியை 45 டிகிரி சாய்த்து வெட்ட வேண்டும். மாப்பிள்ளை புரொட்ராக்டரோடு உட்கார்ந்திருக்க, அத்தை எட்டிப் பார்த்து, 'கிராஸ் பீஸ்தானேடா? ஜாக்கெட்டுக்கு வெட்டுற மாரி. அப்படியே வெட்டுனா இழுத்துக்கும். ஓரத்துல டேப்பை ஒட்டிட்டு, டேப்பு மேல வெட்டு' என்றாள். வெளிநாட்டு விமானக்காரர்கள் செய்வதும் அச்சாக இதுவேதான். முப்பது வருஷம் தையல் மெஷின் மிதித்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பிசின் வேலைக்கு ஓர் ஆள் வேண்டும். இங்கேதான் ஃபைபர் அண்ணன் வருகிறார்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டக் கரையெல்லாம் கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு நிறைந்தது. படகு வந்தால் அதைச் செய்யவும் ஒட்டவும் ஆள் வேண்டுமே? கரையோரத்தில் ஒரு புதுத் தொழிலே முளைத்தது. அப்போது எடுபிடியாகச் சேர்ந்து கற்றுக்கொண்டவர் இவர். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தைத் துவைத்துப் போட்டபோது, உடைந்து குவிந்த படகுகளை மாதக்கணக்கில் ஒட்டிக்கொடுத்தவர். ஐப்பசியிலிருந்து பங்குனி வரை கோடியக்கரையில் மீன்பிடி சீசன். வெளியூர்ப் படகுகள் வந்து கரையில் குடிசை போட்டுத் தங்கும். கூடவே அண்ணனும், ரெசின் டின்னும், ஒரு பழைய டேப்ரிகார்டரும்.

அவர் கார்பன் துணியைத் தடவிப் பார்த்தார். 'இதுல தண்ணி நிக்குமா தம்பி?'

'தண்ணில போறதில்லண்ணே. காத்துல.'

'காத்துன்னா இன்னும் சுளுவு. காத்து ஓட்டையில பூந்து ஆளை முழுக்கடிக்காது பாருங்க.'

படகுக்கும் விமானத்துக்கும் ஒரே வித்தைதான். நார், பிசின், இறுகல். ஆனால் தர்மம் நேர் எதிர். படகில் ஒரு கிலோ கண்ணாடி நார் மேட்டுக்கு இரண்டு, இரண்டரை கிலோ ரெசின் குடிக்கும். தாராளமாக ஊற்றுகிறவன் நல்ல மேஸ்திரி. விமானத்தில் துணியின் எடைக்கு மேல் ஒரு சொட்டு பிசின் இருந்தாலும் அது வெட்டிச் சுமை. பலம் நூலில் இருக்கிறது. பிசினின் வேலை நூலை நகராமல் பிடித்துக்கொள்வது மட்டும். இதை அண்ணனுக்கு விளக்கினோம். நன்றாகத் தலையாட்டினார். ஆனால் இருபது வருஷத்துக் கை தலையாட்டலைக் கேட்குமா? பிரஷ் போகிற போக்கில், 'இன்னொரு இழுப்பு இழுத்தா கல்லு மாரி நிக்கும் தம்பி' என்று இழுத்துவிட்டார்.

கல் மாதிரிதான் நின்றது. 188 கிராம் வர வேண்டிய வலது இறக்கை 242. இரண்டு இறக்கையும் இப்படியானால் 108 கிராம் கூடுதல், விமானம் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. அண்ணனும் பேசவில்லை. நான் பேரேட்டில் 'வாராக்கடன்' என்று எழுதினேன். அந்த இறக்கை இப்போது அத்தை வீட்டுக் கோழிக்கூண்டுக்கு மூடியாக இருக்கிறது. கீரி வந்தாலும் அசைக்க முடியாது. உலகத்திலேயே கார்பன் ஃபைபர் கதவு போட்ட கோழிகள் இவையாகத்தான் இருக்கும்.

மறுநாள் காலையில் அண்ணன் தானாகவே வந்தார். கையில் ஒரு சின்னத் தராசு, மளிகைக் கடையில் இரவல் வாங்கியது. 'எத்தனை கிராம் ரெசின்னு சொல்லுங்க. அதுக்கு மேல கப்புலயே இருக்கக் கூடாது. இருந்தாத்தானே கை போவும்?' என்றார். ஓர் இறக்கைக்குத் துணி 36 கிராம், பிசின் 36 கிராம். கண்ணாடி மேல் துணியைப் பரப்பி, பிளாஸ்டிக் அட்டையால் பிசினைத் தள்ளித் தள்ளி, தள்ளினதையே மறுபடி தள்ளி, ஒரு சொட்டைப் பத்து அங்குலத்துக்கு இழுத்தார். கஞ்சன் வீட்டுக் கல்யாணத்தில் நெய் பரிமாறுகிற மாதிரி.

இதிலும் கோடியக்கரை தன் குணத்தைக் காட்டும். எபாக்ஸி கலந்ததும் தானே சூடாகும். கப்பில் மொத்தமாக வைத்தால், இந்த ஊர் வெப்பத்தில் பத்து நிமிஷத்தில் புகைய ஆரம்பித்துவிடும். அகலமான தட்டில் ஊற்றினால் பிழைக்கும். கார்த்திகை ஈரத்தில் செய்தால் மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுபிசுப்பு படியும், அடுத்த படிவம் ஒட்டாது. அதனால் மழை முடிந்து தை பிறக்கும் வரை காத்திருந்தோம். உப்புக் காற்று வேறு. கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் உப்பு ஈரத்தில் அது ஒரு பாட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரித்துவிடும். உப்பளத்துக்குப் பக்கத்திலிருந்துகொண்டு இதை அலட்சியம் செய்ய முடியாது. மோட்டார் உட்காரும் இடத்தில் அண்ணன் தன் பையிலிருந்து கண்ணாடி நார் ஒரு துண்டு கிழித்து நடுவில் வைத்தார். நாலு கிராம். எழுதிக்கொண்டேன்.

இனி ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர். இறக்கையின் உள்ளே தெர்மோகோல். சூடான கம்பியால் அதை இறக்கை வடிவத்தில் அறுத்து, மேலும் கீழும் பிசின் தோய்ந்த கார்பன் துணி, அதற்கு மேல் வழவழ பிளாஸ்டிக் ஷீட், எல்லாவற்றையும் ஒரு பாலிதீன் பைக்குள் போட்டுக் காற்றை உறிஞ்ச வேண்டும். வெளிக்காற்று நாலா பக்கமும் அழுத்தி, துணியை ஒட்டவைக்கும். காற்றுக்கு எடையில்லை என்று நினைக்கிறோம். முழுக்க உறிஞ்சினால் அந்த ஓர் இறக்கை மேல் இரண்டு டன்னுக்கு மேல் பாரம். தெர்மோகோல் அப்பளமாகிவிடும். அதனால் மூன்றில் ஒரு பங்குதான் உறிஞ்சுவது. அதுவே ஒரு மாருதி 800 காரை இறக்கை மேல் நிறுத்தினதற்கும் மேல்! இத்தனையும் செய்வது வேதாரண்யம் பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர். ஐஸ் செய்யத்தான் அதைப் படைத்தார்கள், ஆனால் காற்றை உறிஞ்சுவதில் அதற்கு இணை கிடையாது.

ராத்திரி முழுக்க அது ஓட வேண்டும். பதினொரு மணிக்குக் கரன்ட் போயிற்று. மீட்டர் முள் இறங்க ஆரம்பித்தது. பை தளர்ந்தால் துணி தூக்கிக்கொள்ளும், இறக்கை போச்சு, வாரக் கணக்கில் உழைப்பு போச்சு, துணியும் மீதியில்லை. மாப்பிள்ளை இன்வெர்ட்டருக்கு ஒயர் இழுக்க ஓடினான். இன்வெர்ட்டரில் ஓட ஆரம்பித்த பிறகும் முள் நிற்கவில்லை. அப்படியானால் பையில் எங்கோ ஓட்டை. அண்ணன் எங்களை வாயை மூடச் சொல்லிவிட்டு, பையின் ஓரமாகக் காதை வைத்துக்கொண்டே சுற்றி வந்தார். ஒரு மூலையில் நின்றார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. எம்-சீல் கொஞ்சம் உருட்டி அங்கே அழுத்தினார். முள் நின்றது. 'கடல்ல ராத்திரி படகு எங்க தண்ணி குடிக்குதுன்னு பாக்க லைட்டா இருக்கு? காதுதான்' என்றார். விடிய விடிய அங்கேயே பாய் போட்டுப் படுத்திருந்தார்.

காலையில் பையைப் பிரித்தோம். 188. இடது இறக்கையும் 188.

அப்புறம்தான் அந்தக் கறுப்பு நிறம் தொல்லை கொடுத்தது. கார்பனைப் பார்க்க அழகு, ஆனால் சித்திரை வெயிலில் கறுப்பு இறக்கை கை வைக்க முடியாமல் கொதிக்கும். வீட்டில் இறுகின எபாக்ஸி அறுபது எழுபது டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். அந்தரத்தில் தலைகீழாக இருக்கும்போது இறக்கை இளகினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆகவே மேல் பக்கம் வெள்ளையாக இருந்தே தீர வேண்டும். முதலில் போட்ட கனமான இறக்கை மேல் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தோம். நெசவின் குழிகளையெல்லாம் மூடி வெள்ளை தெரிவதற்குள் பெயின்ட் முப்பது கிராம் குடித்துவிட்டது. ஓர் இறக்கைக்கு முப்பது. என் பேரேட்டில் அவ்வளவு இடமில்லை.

இதைத் தீர்த்து வைத்தவரும் அண்ணன்தான். இறக்கைகளைப் பையில் போடுவதற்கு முந்தின வாரமே இந்த விவகாரம் பேச்சில் வந்தது. 'படகுக்கு நாங்க கலரைக் கடைசிலயா அடிக்கிறோம்? அச்சுல மொத கலரு, அதுக்கு மேலதான் மேட்டு. அச்சுலேருந்து எடுத்தா கலரோட வருது. நீங்க ஏன் அந்த பிளாஸ்டிக் சீட்டுல மொத வெள்ளைய அடிக்கல?' என்றார். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஷீட்டின் உள்பக்கம் பனி மூட்டம் மாதிரி லேசாக வெள்ளை. அது காய்ந்த பிறகு துணி. பையைப் பிரித்து ஷீட்டை உரித்தபோது வெள்ளை இறக்கையில் இருந்தது, ஷீட்டில் இல்லை. குழி இல்லை, மேடு இல்லை, கண்ணாடி மாதிரி. இறக்கை, வால் எல்லாவற்றுக்கும் சேர்த்து வர்ணம் 23 கிராம்.

விமான உடம்பு 271. வால் 108. கூட்டினேன், மறுபடி கூட்டினேன். 1,968. கையிருப்பு 32 கிராம். ஓர் உள்ளானுக்கு மேல்!

ரிசீவரை உடம்புக்குள் வைத்து மூடியதும் சிக்னல் செத்துவிட்டது. இது எதிர்பார்த்ததுதான். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், ரேடியோ அலையை உள்ளே விடாது. ஆன்டெனா இரண்டையும் வெளியே இழுத்து, கரப்பான் பூச்சி மீசை மாதிரி விட்டோம். சரியாயிற்று.

எங்கே பறக்கவிடுவது? மாப்பிள்ளைக்கு ஆசை தன் ஊர்க் கரையில்தான். சின்ன வயசில் பூநாரைக் கூட்டம் எழும்புவதைப் பார்த்துத்தான் அவனுக்கும் பைத்தியம் பிடித்தது. ஆனால் கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ஒன்றையும் பறக்கவிட முடியாது. சீசனில் விமானத்தை எழுப்பினால் பறவைகள் அதைப் பருந்து என்று நினைத்துக் கூட்டத்தோடு பதறி எழும்பும். கொசு உள்ளான் ஊர் திரும்பச் சேர்த்து வைத்த கொழுப்பில் ஒவ்வொரு பதற்றத்துக்கும் கொஞ்சம் போகும். அதற்கும் கிராம் கணக்குத்தான். 'வைகாசியில பறவையே இல்லையே, யாரு பாக்கப் போறா?' என்று ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தான். அண்ணன் விடவில்லை. 'அந்தாண்ட இலங்க. இந்தாண்ட நாங்க. ஆகாசத்துல என்னமோ பறக்குதுன்னா கேள்வி மொத எங்கள்ட்டதான் வரும் தம்பி. ஒங்களுக்கு வெளையாட்டு, எங்களுக்குத் தொழிலு.' அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கொஞ்ச நாள் மாப்பிள்ளை முகத்தில் களையே இல்லை.

திருத்துறைப்பூண்டிக்கு உள்ளே ஒரு சொந்தக்காரர் ஊரில் இடம் கிடைத்தது. டெல்டாவில் விமானம் விட வருஷத்தில் கொஞ்ச நாள்தான் தோது. சம்பா அறுப்பு முடிந்த வயலில் உளுந்து நிற்கும், கால் வைத்தால் உதைப்பார்கள். உளுந்து எடுத்த பிறகு, மேட்டூர்த் தண்ணீர் வருவதற்கு முன்னால், வயல் வெறுமனே வெடித்துக் கிடக்கும் அந்த இடைவெளிதான். வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலம் என்று பார்த்துக்கொண்டோம். ரன்வே, ஊர்ப் பொதுவில் நெல் காயவைக்கும் சிமென்ட் களம்.

மீன் ஐஸ் பெட்டி ஏற்றும் டாடா ஏஸில் விமானம் போயிற்று. அண்ணன் முன்சீட்டில் உட்கார மாட்டேன் என்று பின்னால் இறக்கைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். காலை ஆறரை மணி, காற்று இல்லை. ஊர்ப் பையன்கள் இருபது பேர், ஒரு நாய், குடை பிடித்த ஒரு பெரியவர். (வெயில் இல்லை. அது விழுந்தால் என்று முன்ஜாக்கிரதை.)

மாப்பிள்ளை கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் ஒரு வருஷமும், தெர்மோகோல் விமானங்களில் இன்னொரு வருஷமும் கை பழகியவன். அப்படியும் விரல் நடுங்கியது. களத்தில் ஐந்து மீட்டர்கூட ஓடவில்லை, விமானம் எழும்பிவிட்டது. நேராக ஒரு சுற்று. மல்லாந்து ஒரு சுற்று. ஒருக்களித்துக் களத்தின் நீளத்துக்கும் கத்தி மாதிரி போயிற்று. பிறகு உயர ஏறி, திரும்பி, எங்களைப் பார்த்துப் பாய்ந்து வந்தது. பத்து மடங்கு பாரம் வருகிற இடம் இதுதான். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் விமானத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்திருந்தார். ஒட்டின இடம் பிரிந்தால் முதலில் சத்தம்தானே வரும்!

வெடுக்கென்று நிமிர்ந்தது. ஒரு சத்தமும் இல்லை. அப்படியே மூக்கை மேலே தூக்கி, பெரியவரின் குடைக்கு இருபதடி தள்ளி அந்தரத்தில் நின்று, மெல்ல ஒரு முறை தன்னைத் தானே சுற்றியது. பையன்கள் போட்ட கூச்சலில் நாய் ஓடிவிட்டது. ஆறு நிமிஷத்தில் பாட்டரி முடிந்து இறங்கியது.

அண்ணன் இறக்கையின் அடியில் விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டே போனார். வழியில் மாப்பிள்ளையிடம் அவர் கேட்டது வேறு விஷயம். படகில் எஞ்சின் உட்காரும் இடத்தில் வருஷா வருஷம் வெடிப்பு விடுகிறது, முறுகித்தான் விடுகிறது. அங்கே நெய்த மேட்டை அத்தை வெட்டின மாதிரி கிராஸாகப் போட்டால் என்ன? போடலாம், அதற்குக் கார்பனே வேண்டாம், கண்ணாடி நாரே போதும் என்றான் இவன். கரையில் நிற்கும் ஒரு 28 அடி படகில் அண்ணன் அப்படிப் போட்டிருக்கிறார். ஒரு சீசன் போனால் தெரியும்.

களத்திலேயே தராசை வைத்து விமானத்தை எடை போட்டோம். 1,975. புறப்படும்போது 1,968. ஏழு கிராம் எங்கிருந்து வந்தது என்று கவிழ்த்துப் பார்த்தால், வயிற்றில் புழுதி, சக்கரத்தில் உளுந்துச் சருகு. அண்ணன் என் பேரேட்டை எட்டிப் பார்த்து, 'இத வரவுல எழுதுவீங்களா, பத்துலயா தம்பி?' என்றார்.

இன்னும் எழுதவில்லை.